லியோன் அண்ணன் மாதிரியே

எந்தப் பாம்பைக் கண்டும் நடுங்காத லியோனுக்கு, தன் சொந்தக் குரல் காதில் விழுந்தால் மட்டும் உடம்பு நடுங்கும்.

அவன் ஆவூரில் எலெக்ட்ரீஷியன். விராலிமலைக்குப் போகும் பஸ்ஸில் பின்சீட்டுப் பையன் யாராவது போனைத் தேய்த்துக்கொண்டே வருவான். திடீரென்று, "நம்ம பயந்தாத்தான் தம்ப்பி, அதுவும் பயப்படும்" என்று லியோனின் குரல் கேட்கும். டீக்கடையில் கேட்கும். ஒருமுறை வயரிங் வேலைக்குப் போன வீட்டில், அழுத குழந்தையைச் சமாதானப்படுத்தக் கொடுத்திருந்த போனிலிருந்து கேட்டது. லியோன் ஏணியிலிருந்து இறங்கி வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

அந்தக் குரல் வரும் வீடியோவில் இருப்பது, குளத்தூர்ப் பக்கம் ஒரு மோட்டார் கொட்டகையில் பிடித்த நல்ல பாம்பு. வலது கையால் மட்டும் பிடித்துத் தூக்கி, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து அந்த வரியைச் சொல்லியிருந்தான். லட்சக்கணக்கானவர்கள் பார்த்த வீடியோ. இப்போது அவன் சேனலே இல்லை, அழித்துவிட்டான். ஆனால் யார் யாரோ எடுத்துத் தங்கள் பக்கங்களில் பாட்டு சேர்த்துப் போட்டிருந்தார்கள். ஒன்றை நீக்கச் சொல்லி எழுதினால் வேறு இரண்டு முளைத்தன.

சேனலை அழித்தது அருண்குமார் செத்த பிறகு.

அருண்குமாரை லியோன் உயிரோடு பார்த்ததில்லை. அன்னவாசலைத் தாண்டிய ஒரு சிற்றூர்ப் பையன், ஐடிஐ படித்துக்கொண்டிருந்தான், வயது பத்தொன்பது. பக்கத்து வீட்டு வைக்கோல் போரில் நல்ல பாம்பு வந்த அன்று, நண்பனைப் படமெடுக்கச் சொல்லிவிட்டு வெறுங்கையால் பிடித்தான். மணிக்கட்டில் கடித்தது. புதுக்கோட்டைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அந்த வீடியோவும் ஊரெல்லாம் சுற்றி லியோனிடம் வந்து சேர்ந்தது. ஒரே ஒருமுறை பார்த்தான்.

"லியோன் அண்ணன் மாதிரியே புடிக்கிறேன் பாருங்க" என்று பையன் ஆரம்பித்தான். லியோன் போடுகிற கறுப்பு டீ சர்ட். லியோன் வைக்கிற மாதிரி ஒரு கால் முன்னால். இடது கை முதுகுக்குப் பின்னால். தம்பி என்ற சொல்லை லியோன் எப்படி அழுத்துவானோ அப்படி அழுத்தி அதே வரியைச் சொன்னான். தன் உடம்பை யாரோ எடுத்துப் போட்டுக்கொண்டு போய்ச் செத்தது போல இருந்தது லியோனுக்கு. துக்கம் கேட்கக் கிளம்பினான். அன்னவாசல் வரை போய், வண்டியை நிறுத்தி, டீ வாங்கி அதையும் குடிக்காமல் திரும்பிவிட்டான்.

பாம்பு பிடிப்பதை விட முடியவில்லை. கூப்பிடுகிறவர்களிடம் வரமாட்டேன் என்றால் அடித்துக் கொன்றுவிடுவார்கள், இல்லாவிட்டால் யாராவது கடிபடுவார்கள். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, கொக்கியும் பிவிசி பைப்பும் துணிப்பையும் எடுத்துக்கொண்டு போனான். யாரையும் படம் எடுக்க விடவில்லை. ஆனால் கட்டிலுக்கு அடியில் பார்க்கக் குனியும்போதெல்லாம் அவனுக்குப் பின்னால் இன்னொருவர் குனிந்தார். சத்தம் எதுவும் இல்லை. சட்டை மடங்குகிற அளவுக்கு ஒரு அசைவு. திரும்பினால் சுவர் இருக்கும், அல்லது அலமாரி.

மனைவி ஃபெமினாவிடம் மட்டும் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. "அந்தப் புள்ள பேருக்கு ஒரு பூச வைப்போம்" என்றாள். அடுத்த வாரம் கோயிலில் பங்குச் சாமியார் அருண்குமார் என்ற பெயரைப் பீடத்திலிருந்து வாசித்தார். எல்லோரும் மண்டியிட்டார்கள். லியோன் மண்டியிட்டபோது, கடைசி வரிசையில் இருந்த அவனுக்கும் பின்னால் யாரோ மண்டியிட்டார்கள்.

இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

"பாம்பு புடிக்கிற லியோன் அண்ணனுங்களா?"

"ஆமாம்மா, சொல்லுங்க."

"வீட்டுக்குள்ள பாம்பு பூந்துருச்சுண்ணே. ஃபயர் சர்வீஸுக்குச் சொன்னோம், வண்டி வேற எடத்துக்குப் போயிருக்கு, நேரமாகும்னாங்க. அப்பா கம்ப எடுத்துட்டாரு. அம்மா அடிக்கக் கூடாதுன்னு மறிச்சிக்கிட்டு நிக்கிறாங்க. நீங்க கொஞ்சம் வர முடியுங்களா?"

"எந்த ஊரு?"

சொன்னாள். லியோன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"யாரு வீடும்மா?"

"பெரியகருப்பன் வீடு. ஒங்களுக்குத் தெரியும்ணே. நான் இலக்கியா. அருண்குமார் தங்கச்சி."

ஃபெமினா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்து வந்து கொடுத்தாள்.

அந்த வீட்டைக் கண்டுபிடிக்க வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. தெருவே வாசலில் நின்றது. பாதிப் பேர் இளவட்டங்கள். வண்டி நின்றதுமே, "டேய், லியோன் அண்ணேடா" என்று ஒருவன் சொல்ல, போன்கள் மேலே எழும்பின. "அண்ணே, அந்த டயலாக்க ஒரு தடவ சொல்லுங்கண்ணே" என்றது ஒரு குரல். லியோன் தலை நிமிராமல் கொக்கியையும் பைப்பையும் அவிழ்த்தான்.

வேப்ப மரத்தடியில் கம்பை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தார் பெரியகருப்பன். கட்டையான, உழைத்து இறுகிய உடம்பு. லியோனைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார்.

"நீதானா அது. வீடியோவுல பெரிய ஆளாத் தெரிஞ்ச."

லியோன் கும்பிட்டான். அவர் கும்பிடவில்லை.

கதவருகே நின்ற அவர் மனைவி அமுதவல்லி முன்னால் வந்தாள். "அடிச்சிராதப்பா. அவன் ரூம்புப்பா அது. பூட்டியேதான் கெடக்கும். இன்னிக்குக் கூட்டலாம்னு தொறந்தேன், கட்டிலுக்கு அடியில சுருண்டு கெடக்கு. இந்தத் தெருவுல எம்புட்டு வீடு இருக்கு, அதுக்கு இந்த ரூம்பு எதுக்கு? சொல்லு." அவள் கண்கள் மின்னின. அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று லியோனுக்குப் புரிந்தது. உள்ளே இருப்பதை அவள் பாம்பாக மட்டும் நினைக்கவில்லை.

"அடிக்க மாட்டேம்மா. பத்திரமா எடுத்துட்டுப் போயிருவேன்."

"எடுத்துட்டு எங்க போவ?"

"காட்டுல விட்டுருவேன்."

"வெயிலா இருக்குமே" என்றாள் அமுதவல்லி.

இலக்கியா அம்மாவைத் தோளோடு அணைத்து ஓரமாக நகர்த்தினாள். நர்சிங் படிக்கிற பெண். முகத்தில் கலக்கம் இருந்தாலும் கை நிதானமாக இருந்தது. லியோன் வாசல்படியில் கால் வைத்தபோது பெரியகருப்பன் எழுந்து வந்து குறுக்கே நின்றார்.

"கொக்கிய வெளிய வச்சிட்டுப் போ."

"ஐயா?"

"பைப்பையும் வையி. கையால புடி." அவர் குரல் உயரவில்லை. "எம் மவன் சோறு திங்காம ஒன்னத்தான பாத்துக்கிட்டுக் கெடந்தான்? அதே மாதிரி புடி. நான் நின்னு பாக்கணும். அவன் எந்த எடத்துல தப்புனான்னு எனக்குத் தெரியணும். நீ புடிச்சா கடிக்கல, அவன் புடிச்சா கடிச்சிருச்சு. நடுவுல ஒரு எடம் இருக்கும்ல? அந்த எடத்தக் காட்டு எனக்கு. அது தெரியாம எனக்குத் தூக்கம் இல்ல."

"அப்பா" என்றாள் இலக்கியா.

"நீ சும்மா இரு."

போன்கள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தன. லியோன் பதில் தேடிக் கண்ணைத் தூக்கியபோது, கூடத்துச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த படம் தெரிந்தது. பெரியதாகப் போட்டுச் சட்டம் அடித்த படம். கறுப்பு டீ சர்ட்டில் ஒரு கால் முன்னால் வைத்து, தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான் அருண்குமார். இடது கை முதுகுக்குப் பின்னால். சந்தனப் பொட்டும் மாலையும் லியோனுக்கே போட்டது போல இருந்தன.

லியோன் கொக்கியைக் கீழே வைத்தான். பையன்கள் நெருங்கி வந்தார்கள். அவன் தன் இடது கையை முன்னால் கொண்டுவந்து, விரல்களை விரித்து, பெரியகருப்பனின் முகத்துக்கு நேரே காட்டினான்.

ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. மிச்சம் இருந்ததும் சுருங்கிக் கறுத்து, உள்பக்கம் மடங்கிப் போயிருந்தது. நடுவிரலும் நிமிரவில்லை.

"என்னய்யா இது?"

"நல்ல பாம்பு கடிச்சதுங்க. நீங்க சொல்ற வீடியோ எடுக்குறதுக்கு முந்தின வருசம். செத்துப் பொழச்சேன். சதை அழுகி வெரல எடுத்துட்டாங்க. படத்துல இது தெரிஞ்சா பாக்குறவங்களுக்கு நம்பிக்க போயிரும்னு கையப் பின்னால வச்சிக்கிட்டேன். எல்லா வீடியோவுலயும் அப்படித்தான். அத ஸ்டைலுன்னு நெனச்சிக்கிட்டாங்க. நானும் சொல்லல."

பெரியகருப்பன் திரும்பி மகன் படத்தைப் பார்த்தார்.

"அவருக்கு ரெண்டு கையும் நல்லா இருந்துச்சுங்க. ஒரு கையப் பின்னால கட்டிக்கிட்டு, ஒத்தக் கையால புடிச்சாரு. ஒங்க மகன் எந்த எடத்துலயும் தப்பல ஐயா. நான் காட்டுனதத்தான் செஞ்சாரு. ஒண்ணுவிடாம செஞ்சாரு. எனக்கு அன்னிக்கிக் கடிக்கல. அம்புட்டுத்தான் நடுவுல இருக்குற எடம்."

கூட்டத்தில் ஒரு போன் கீழே இறங்கியது. மற்றொருவன் இன்னும் எடுத்துக்கொண்டிருந்தான். லியோன் அவன் பக்கம் திரும்பினான். "கிட்ட வந்து எடு தம்பி. வெரல் நல்லாத் தெரியட்டும். இத எங்க வேணும்னாலும் போட்டுக்க."

அந்தப் பையன் கிட்ட வரவில்லை.

பெரியகருப்பன் வழியை விட்டு விலகினார். லியோன் கொக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

அறையில் அடைத்து வைத்த காற்றின் வாசனை. கட்டில், இரும்புப் பெட்டி, ஆணியில் கறுப்பு டீ சர்ட், ஓரத்தில் ஒரு ஜோடி ஷூ. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஏ4 தாளில் எடுத்த கலர் பிரிண்ட் ஒட்டியிருந்தது. அதில் இருந்தது லியோன். அவன் அதைப் பார்க்காமல் டார்ச் ஒளியைத் தரையில் அடித்தான். பாம்பு இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் நகர்ந்திருந்தது. இலக்கியாவை வாசலிலேயே நிற்கச் சொல்லி, பின்னால் யாரும் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

குனிந்தான். பின்னால் அந்த இன்னொருவரும் குனிந்தார். மற்ற இடங்களில் ஒரு சட்டை அசைவாக மட்டும் வந்தது, இங்கே மூச்சோடு வந்தது. கழுத்துக்குப் பின்னால் அந்த மூச்சு பட்டது. லியோன் இந்தத் தடவை திரும்பவில்லை. தனக்கு மட்டும் கேட்கும் குரலில், "கை வேணாம்ப்பா. பைப்பப் பாரு" என்றான்.

மறுமுனையில் பையைக் கட்டிய பைப்பின் வாயைச் சுவரோரம் வைத்து, பெட்டியின் மறுபக்கத்திலிருந்து கொக்கியால் மெதுவாகத் தட்டினான். பாம்பு படமெடுத்துச் சீறியது. அவன் அசையாமல் இருந்தான். கொஞ்ச நேரத்தில் அது படத்தைச் சுருக்கி, இருட்டாகத் தெரிந்த பைப்பைப் பொந்தென்று நினைத்து நுழைந்தது. வால் மறைந்ததும் பைப்பை நிமிர்த்தி, அது பைக்குள் விழுந்த பிறகு வாயைத் திருகிக் கட்டினான். அவ்வளவுதான். கைதட்டவோ கூச்சல் போடவோ அதில் ஒன்றும் இல்லை.

வெளியே வந்தபோது பையன்கள் ஏமாந்த முகத்தோடு கலைந்துகொண்டிருந்தார்கள். பெரியகருப்பன் பையையே பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?"

"ஆமாங்க."

"இப்படிப் புடிக்கத் தெரியும்ல ஒனக்கு? அப்பறம் ஏன்யா இதக் காட்டல?"

லியோனுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "இத யாரும் பாக்க மாட்டாங்கய்யா."

பெரியகருப்பன் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, "போயிரு" என்று சொல்லி உள்ளே போனார்.

பையைத் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடும்போது இலக்கியா வந்தாள்.

"ஃபயர் சர்வீஸ் இன்னும் கொஞ்ச நேரத்துல வந்திருக்கும்ணே. நான்தான் ஒங்களயே கூப்பிடணும்னு கூப்பிட்டேன்."

"ஏம்மா?"

அவள் தெருக்கோடியைக் காட்டினாள். மின்கம்பத்தடியில் தனியாக ஒருவன் நின்றிருந்தான். "வீரய்யா. எங்கண்ணனோட கூட்டாளி. அன்னைக்கு வீடியோ எடுத்தது அவன்தான். இப்ப அவனும் வெறுங்கையால பாம்பு புடிக்கிறான்ணே. யாரு கூப்பிட்டாலும் ஓடுறான். அவங்க ஆத்தா அழுகுது. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான். நீங்க சொன்னாக் கேப்பான்."

லியோன் அங்கே பார்த்தான். வீரய்யாவின் இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

நேராக அவனிடம் போய் வண்டியை நிறுத்தினான். உபதேசம் பண்ண வாய் வரவில்லை. "பாரஸ்ட்காரர் நார்த்தாமலப் பக்கம் நிப்பாரு. இந்தப் பெட்டியப் புடிச்சிக்கிட்டு வர ஆள் வேணும். ஏறு" என்றான். வீரய்யா ஏறினான்.

பாதி வழியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அன்னைக்கு அவன் மொதல்ல ஒழுங்காப் புடிச்சிட்டான்ணே."

லியோன் வேகத்தைக் குறைத்தான்.

"புடிச்சு சாக்குல போடப் போனான். நான்தான், 'மூஞ்சி சரியா விழலடா, இன்னொரு தடவ புடி'ன்னேன். கீழ விட்டுட்டு மறுபடி புடிச்சான். மொத வீடியோவ நான் யாருக்கும் காட்டல. அவங்க வீட்டுலயும் சொல்லல."

லியோன் வண்டியைப் புளிய மர நிழலில் நிறுத்தி இறங்கினான். வீரய்யா பெட்டியை மடியில் வைத்தபடி உட்கார்ந்தே இருந்தான். முகத்தில் அழுகை இல்லை. அழுது முடித்துப் பல நாளான முகம்.

"அதுக்கப்பறமும் ஏன்டா கையால புடிக்கிற?"

"கடிக்கட்டும்னுதான்."

லியோனுக்கு அவனைத் தொட வேண்டும் போல இருந்தது. தொடவில்லை. "அது ஒன் தப்பு இல்ல" என்று சொல்ல வாயெடுத்தான். அதுவும் பொய்யாகிவிடும் என்று பட்டது. அருண்குமாரைப் பாம்பின் முன்னால் நிற்க வைத்தது லியோன். இன்னொரு தடவை என்று சொன்னது இவன். இதில் யார் யாரை மன்னிப்பது?

"ஒனக்கு வெசம் ஏறுனா, அந்த வீட்டுக்கு இன்னொரு சாவுடா" என்றான். "இலக்கியா ஒன்னப் பத்திப் பேசும்போது அது மூஞ்சியப் பாத்தியா நீ?"

வீரய்யா பெட்டியின் மேல் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாளைக்குக் காலையில ஆவூருக்கு வா. ஒரு வீட்டுக்கு வயரிங் ஓடுது. ஆள் பத்தல."

"எனக்கு வயரிங் தெரியாதுண்ணே."

"தெரியாதுன்னு சொன்னீல்ல, அது போதும்."

காட்டோரத்தில் வனக்காப்பாளர் முன்னிலையில் பையின் முடிச்சை அவிழ்த்தார்கள். பாம்பு ஒரு நிமிடம் தயங்கி, சூரைப் புதருக்குள் போயிற்று. அது போன பிறகும் வீரய்யா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அமுதவல்லி சொன்னது லியோனுக்கு நினைவு வந்தது. உண்மையிலேயே நல்ல வெயில்.

திங்கட்கிழமை வீரய்யா வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. லியோன் தினமும் வேலைக்கு நடுவே வாசலைப் பார்த்தான். அன்னவாசல் பக்கமிருந்து போன் வந்தால் எடுக்கக் கை கூசியது. வாரக் கடைசியில் ஒருநாள், ஃபெமினா தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது வீரய்யா வந்து நின்றான். அவள் யார் என்று கேட்காமல் தட்டைப் போட்டாள்.

அவனிடம் லியோன் பாம்பைப் பற்றிப் பல வாரம் பேசவே இல்லை. மெயினை அணைத்தோமா, டெஸ்டர் வைத்துப் பார்த்தோமா, ஏணியை யாராவது பிடித்தார்களா, இவ்வளவுதான். முன்பெல்லாம் அவசரத்தில் மெயினை அணைக்காமலே வயரைத் தொடுகிறவன் லியோன். இப்போது வீரய்யாவின் கண் தன் கையிலேயே இருப்பது தெரிந்ததால் அது முடியவில்லை. வீரய்யா ஒருநாள் தானாகவே பெரியகருப்பன் வீட்டுக்குப் போய், அந்த முதல் வீடியோவைக் காட்டி, நடந்ததைச் சொன்னான். பெரியகருப்பன் அவனை அறைந்தார். பிறகு அதே வீடியோவை, மகன் பிழைத்திருக்கிற வீடியோவை, மறுபடி மறுபடி போடச் சொல்லிப் பொழுது சாயும்வரை பார்த்தார் என்று இலக்கியா போனில் சொன்னாள். லியோனிடம் அவர் அதற்குப் பிறகும் பேசவில்லை. பேசுவார் என்று லியோனும் எதிர்பார்க்கவில்லை.

பின்னால் குனிகிறவரும் போகவில்லை. லியோன் அவருக்கும் சேர்த்துப் பொறுமையாகவே குனிந்தான்.

மாசி மாதத்தில் அரிமளத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தது. கோழிக் கூண்டுக்குள் கண்ணாடி விரியன். வீட்டுக்காரர் பதறிப் பதறிக் கூப்பிட, லியோன் வண்டியை நிறுத்திய வேகத்தில் பைப்பை உருவிக்கொண்டு செருப்புக் காலோடு கொல்லைப்புறம் ஓடினான். கூண்டைச் சுற்றி ஒரு கூட்டம், நாலைந்து போன்கள்.

வண்டியில் கூட வந்திருந்த வீரய்யா ஓடிவந்து முன்னால் நின்றான். இரண்டு கையையும் விரித்து மறித்தான்.

"ஷூ எங்கண்ணே?"

"வண்டியில இருக்குடா. தள்ளு, அது நகந்துரும்."

"நகரட்டும்ணே."

"வீரய்யா."

"ஷூ போடாம உள்ள விட மாட்டேன்." அத்தனை பேர் நடுவில் அவன் குரல் உடைந்தது. ஆனால் விலகவில்லை.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். லியோனுக்கு முகம் சூடேறியது. திரும்பி வண்டிக்கு நடந்தான். ஷூவை எடுத்து, வேலிக்கல்லில் உட்கார்ந்து, நிமிராத விரலோடு கயிற்றைக் கட்டத் தொடங்கினான். அது எப்போதும் அவனுக்கு நேரமெடுக்கும் வேலை. வீரய்யா கூண்டுப் பக்கம் ஒரு கண்ணும் லியோனின் கால் பக்கம் ஒரு கண்ணுமாக, இரண்டாவது முடிச்சும் விழும்வரை கைகளை இறக்காமல் நின்றான்.